பின்னால் ஓர் இறக்கை

எங்கள் காருக்கு மேடு என்றால் ஆகாது. சமதரையில் தங்கமான கார். ஆஸ்பத்திரி மேட்டைக் கண்டால் மட்டும் அதற்கு மூச்சு முட்டும். இரண்டாவது வளைவில் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவார். போகிறவர் சும்மா போவாரா? ஜன்னல் பக்கம் குனிந்து, "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

அவருக்கு அவசரமில்லை. என் மனைவிக்கு இருந்தது. மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் அவள். காலை ஏழு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்தில் மூன்று முறை தாமதமானால் வார்டிலிருந்து தூக்கிக் கீழ்த்தளத்துத் துணிக்கிடங்கில் போட்டுவிடுவார்கள். எங்கள் கார் அதற்குள் இரண்டு முறை அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையை வாங்கிக் கொடுத்திருந்தது.

"பதினாலு வருஷமா பிள்ளைங்களைக் கையில வாங்கினவ நான். இனிமே படுக்கை விரிப்பை எண்ணிட்டு உக்காரணுமா? நீங்க ஏதாவது செய்றீங்களா, இல்ல நான் செய்யட்டுமா?" என்றாள்.

கொஞ்சம் முன்னாடியே கிளம்பினால் என்ன என்று கேட்காதீர்கள். கிளம்பிப் பார்த்தோம். முன்னாடி கிளம்பினால் கார் முன்னாடியே நின்றது.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கொட்டகையில் மெக்கானிக். காரை அவனிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்தான், ஏர் ஃபில்டரை உருவினான், தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு சின்னத் தோட்டம் போடும் அளவுக்கு மண் விழுந்தது.

"மாமா, பெருசா ஒண்ணும் வேண்டாம். முதல்ல நல்ல டயர் நாலு. இது வழுக்கைத் தலை மாதிரி இருக்கு, ரோட்டைப் பிடிக்கவே இல்ல. ரெண்டாவது பிரேக். மேல ஏறுற வண்டி கீழயும் இறங்கணும் இல்லையா. அப்புறம் நல்லா காத்து இழுக்கிற ஃபில்டர், புது பிளக். இது நாலையும் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க. எஞ்சினைக் கிண்டுறதைப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம். சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

நானும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் என் தொழில் என்னை விடவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களைச் சுவரில் உள்ள அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, எங்கே எழுத்தைப் பார்த்தாலும் கண் நேரே கடைசி வரிக்குப் போய்விடும். மச்சினன் கொட்டகைச் சுவரில் வாகனத் திறன் மேம்பாட்டு வாரியத்தின் சுவரொட்டி ஒன்று இருந்தது. 'உங்கள் காரை மேம்படுத்துங்கள்' என்று மேலே ஒரு முழ உயரத்துக்கு எழுத்து. அடியில், கடுகு அளவில்: 'திறனைக் கூட்டும் நோக்கத்துடன் எந்தப் பாகத்தை மாற்றுவதற்கும் வாரியத்தின் முன் அனுமதி பெற வேண்டும். தவறினால் வாகனமும் பணிமனையும் முத்திரையிடப்படும்.'

"டேய், அனுமதி வாங்கணுமாம்டா" என்றேன்.

"மாமா, அதை அச்சடிச்சவனே படிச்சிருக்க மாட்டான்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்போது..."

மச்சினன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஃபில்டரை மறுபடியும் உள்ளே சொருகி, பானெட்டை மூடி, சாவியை என் கையில் கொடுத்தான். "போய்ப் பட்டுத் தெளிஞ்சு வாங்க" என்றான்.

வாரியம் ஒரு மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்டு, ஓடாது. முதல் மாடியில் ஓட்டப் பிரிவு, இரண்டாவது மாடியில் நிறுத்தப் பிரிவு, மூன்றாவதில் தோற்றப் பிரிவு. விண்ணப்பத்தில் 'முதல் மேம்பாடு' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. முதலாவது பதிவான பிறகுதான் இரண்டாவதைக் கேட்க முடியும். நான் 'டயர்' என்று அழகாக எழுதி ஓட்டப் பிரிவில் நீட்டினேன்.

ஓட்டப் பிரிவு அதிகாரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க கார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது?"

"ஒரு மணி நேரம் இருக்கும் சார்."

"மீதி இருபத்து மூணு மணி நேரம்?"

"நிக்குது."

"அப்ப டயர் அதிகமா உபயோகப்படுறது நிக்கிறதுக்குத்தானே? மேல போங்க."

மேலே போனேன். நிறுத்தப் பிரிவு அதிகாரி நிதானமானவர். பேனா மூடியைத் திருகித் திறப்பதற்கே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். "டயர் உருளுது. உருளுற எதுவும் எங்க பிரிவுல வராது. கீழ போங்க" என்றார்.

சரி, வம்பே வேண்டாம் என்று டயரை அடித்துவிட்டு 'பிரேக்' என்று எழுதினேன். பிரேக் நிறுத்தப் பிரிவின் சொத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது அல்லவா? அவருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது.

"மேட்டுல உங்க கார் என்ன வேகம் போகும்?"

"நாலு கிலோமீட்டர் சார்."

"நாலுல போற காரைக் கையால பிடிச்சே நிறுத்திடலாமே. வேகமாப் போகுதுன்னு ஓட்டப் பிரிவுல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, உடனே பிரேக் தர்றோம்."

ஓட்டப் பிரிவு அதிகாரி சான்று என்றதும் பதறிவிட்டார். "வேகத்துக்கு நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு நீங்க எங்கயாவது போய் மோதினா யாரு பதில் சொல்றது? பிரேக் பிரமாதமா இருக்குன்னு மேல எழுதி வாங்கிட்டு வாங்க."

அன்று மட்டும் அந்தப் படிகளை ஒன்பது முறை ஏறி இறங்கினேன். என் காரைவிட எனக்கு மூச்சு வாங்கியது. படியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் என் செருப்புத் தடத்தைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய், "அண்ணே, நேரா மூணாவது மாடிக்குப் போங்க. கடைசியில எல்லாரும் அங்கதான் வந்து சேருவாங்க" என்றார்.

மூன்றாவது மாடியில் தோற்றப் பிரிவு அதிகாரி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவர் மேசையில் முத்திரை ஏற்கெனவே மை தோய்ந்து தயாராக இருந்தது.

"இறக்கைதானே?" என்றார்.

"இறக்கையா?"

"பின் இறக்கை. டிக்கி மேல பொருத்துறது. அது ஓட்டத்தையும் தொடாது, நிறுத்தத்தையும் தொடாது. அதனால ஆட்சேபணையே வராது. இன்னைக்கே வாங்கிக்கலாம்."

எங்கள் ஊரில் ரொட்டி விற்கும் வேனிலிருந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார் வரை எல்லாவற்றுக்கும் பின்னால் ஏன் இறக்கை இருக்கிறது என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. பிணவண்டிக்கும் ஒன்று உண்டு. அதை நான் அதுவரை வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலாவதை முடித்தால்தானே இரண்டாவதைக் கேட்க முடியும்? தலையாட்டிவிட்டேன். வாரியத்தின் இறக்கை சுத்தமான இரும்பு. எடை முப்பத்தெட்டு கிலோ. அதன் நடுவில் 'இந்த வாகனம் மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு பித்தளைத் தகடு, இரண்டு ஓரத்திலும் ஈய முத்திரை. முத்திரையை உடைத்தால் குற்றம். பொருத்தி முடித்ததும் காரின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது, ஏதோ கெட்ட வாடை அடிக்கிற மாதிரி.

அதற்கு முன் இரண்டாவது வளைவில் திணறிய கார் இப்போது முதல் வளைவிலேயே திணறியது. பால்காரர் இறக்கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இறங்கும்போது பார்த்துங்க, பறந்துடப் போகுது" என்றார். மனைவி அன்று ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது மேம்பாடாக டயர் கேட்டு மறுபடியும் எழுதிப் போட்டேன். இந்த முறை என்னை வாரியத் தலைவரிடமே கூப்பிட்டார்கள். பெரிய அறை, பெரிய நாற்காலி, நடுவில் தலைவர். பக்கத்தில் மூன்று பிரிவு அதிகாரிகளும். என் மனுவைத் தொடாமலே தலைவர் பேச ஆரம்பித்தார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சு பதினொரு வருஷம் ஆகுது. நாங்க டயர் கொடுத்த ஒரு கார்கூட இன்னைக்கு வரைக்கும் வழுக்கினதில்ல. நாங்க பிரேக் கொடுத்த ஒரு கார்கூட மோதினதில்ல. இந்தச் சாதனை எப்படி வந்தது? ரொம்ப சுலபம். நாங்க இதுவரைக்கும் யாருக்கும் டயரும் கொடுக்கல, பிரேக்கும் கொடுக்கல. கொடுக்க ஆரம்பிச்சா இந்தப் பேரு போயிடும். நீங்க படிச்சவரு, உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. "சார், என் மனைவி ஏழு மணிக்கு..." என்றேன்.

"இருந்தாலும் வாரியம் மக்களுக்காகத்தான். உங்க காருக்கு நாங்களே நேர்ல வந்து மேட்டுச் சோதனை நடத்துறோம். திங்கக்கிழமை காலையில ஆறரை மணி, ஆஸ்பத்திரி மேடு."

"சார், அது என் மனைவி வேலைக்குப் போற நேரம்."

"ரொம்ப நல்லது. உண்மையான சூழ்நிலையில சோதிச்ச மாதிரி ஆச்சு" என்றார் தலைவர்.

திங்கட்கிழமை மேட்டின் அடிவாரத்தில் தலைவரும் மூன்று அதிகாரிகளும் நின்றிருந்தார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர். கார் ஐந்து பேருக்கானது. முன் சீட்டில் வெள்ளை யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் தோற்றப் பிரிவு அதிகாரி குனிந்து, "மேடம், விண்ணப்பத்துல உங்க பேரு இல்ல. இறங்கிக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவள் இறங்கினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை, கல்யாணம் ஆனவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். புடவையாக இருந்தால் இழுத்துச் சொருகியிருப்பாள். யூனிஃபார்ம் என்பதால் கைப்பையை மட்டும் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு மேட்டில் விறுவிறுவென்று நடந்தாள்.

கார் கிளம்பியது. நாலு அதிகாரிகளும் நல்ல போஷாக்கான மனிதர்கள், மடியில் ஆளுக்கொரு கோப்பு வேறு. முதல் வளைவுக்கு முன்னாலேயே கார் ஒரு முறை இருமி, அப்படியே நின்றுவிட்டது. என் மனைவி அதற்குள் எங்களைவிட நாற்பது அடி மேலே போயிருந்தாள்.

நிறுத்தப் பிரிவு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கோப்பில் எழுதினார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பிரேக்கைத் தொடாமலே வாகனம் தானாக நின்றது. நிறுத்தும் திறன் மிகச் சிறப்பு. மேம்பாடு தேவையில்லை."

"சார், அது எஞ்சின் அணைஞ்சு போச்சு" என்றேன்.

"எப்படி நின்னதுங்கறது எங்க பிரிவு பார்க்கிறதில்ல. நின்னுச்சா, அதுதான்."

எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. தள்ளுவதற்கு ஏதாவது பிடி வேண்டுமே. நாலு பேருடைய கையும் தானாக அந்த இறக்கைக்குப் போனது. இறக்கையும் நல்ல உயரம், நல்ல அகலம், நாலு பேர் வரிசையாகப் பிடிக்க அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. "ஏலேலோ" என்று தோற்றப் பிரிவு அதிகாரி உற்சாகமாகக் குரல் கொடுத்தார். கார் நகர்ந்தது. உள்ளே உட்கார்ந்து நான் வேகமுள்ளைப் பார்த்தேன். ஏழு காட்டியது.

"எவ்வளவு?" என்று பின்னாலிருந்து தலைவர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஏழு சார்" என்றேன். பொய் சொல்லத் தெரியாத வாய்.

"நாலு ஏழாயிடுச்சு. எழுதுங்கய்யா."

ஓட்டப் பிரிவு அதிகாரி அங்கேயே, டிக்கியின் மேல் கோப்பை வைத்து எழுதினார். இறக்கை பொருத்தியதன் விளைவாக மேட்டில் காரின் வேகம் மூன்று கிலோமீட்டர் கூடியது. ஆகவே முதல் மேம்பாடே போதுமானது. இரண்டாவது மனு தள்ளுபடி. மூன்று பிரிவும் ஒரே கருத்துக்கு வந்தது வாரிய வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவையாம். நாலு பேரும் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். என்னிடமும் குலுக்கினார்கள்.

மேலே ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையெழுத்துப் போட்டபோது மணி ஆறு ஐம்பத்தெட்டு. மாலையில் வந்து வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஏறிட்டேன். தினமும் இப்படி ஏறிட்டு, அதுக்கப்புறம் பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே வேலை பார்க்க என்னால முடியாதுங்க. இன்னைக்கு ஒரு பிள்ளையை வாங்கும்போது கால் நடுங்குச்சு. எனக்கே பயமாப் போச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. நான் கடையில் இருந்த நேரத்தில் அவள் தம்பிக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். "உங்க மாமாகிட்ட எதுவும் கேக்காத. அவரு படிக்க ஆரம்பிச்சுடுவாரு" என்று மட்டும் சொன்னாளாம். சாயங்காலம் வீட்டு வாசலில் கார் அதே இடத்தில்தான் நின்றது. நாலு டயரும் மட்டும் புது செருப்புப் போட்ட பிள்ளை மாதிரி கறுகறுவென்று இருந்தன. பிரேக், ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இறக்கையை மட்டும் ஈய முத்திரைக்குப் பயந்து மச்சினன் தொடவில்லை.

மறுநாள் காலையில் இரண்டாவது வளைவில் பால்காரரை நாங்கள் தாண்டினோம். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். என் மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். ஆறு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். இருபது நிமிடம் மிச்சம். அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் காரிலேயே உட்கார்ந்து ஃப்ளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தோம்.

பால்காரர் ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவர். வாரியத் தலைவர் வீட்டுக்கும் அவர்தான். இரண்டு நாளில் எனக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இறக்கையால் பயன்பெற்ற முதல் வாகனம் என்று என் காரைக் கௌரவிக்கப் போகிறார்களாம்; ஊரிலுள்ள மிச்சசொச்சக் கார்களுக்கும் இறக்கையைக் கட்டாயமாக்கும் தீர்மானம் அன்றே வருமாம்; நான் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

வாரியத்தின் மண்டபம் நிறைந்திருந்தது. மனைவியும் மச்சினனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாலும் நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. தலைவர் அரைமணி நேரம் பேசினார். "ஓட்டமும் நிறுத்தமும் பழைய காலத்துச் சிந்தனை. பின்னாடி இருந்து தள்ளுறதுக்கு ஒரு நல்ல பிடி இருந்தா எந்தக் காரும் முன்னேறும். வாரியத்துல நாங்க எல்லாருமே அப்படி முன்னேறினவங்கதான்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு என்னை மைக்குக்குக் கூப்பிட்டு ஓர் உறுதிமொழித் தாளைக் கொடுத்தார்.

"இறக்கையைத் தவிர உங்க கார்ல வேற ஏதாவது பாகத்தை மாத்துனீங்களா?"

ஆமாம் என்றால் அன்று மாலையே மச்சினன் கொட்டகைக்கு முத்திரை. விசாரணை முடியும்வரை கார் வாரியத்தின் முற்றத்தில் கிடக்கும். பதினொரு வருடத்தில் ஒரு விசாரணையும் முடிந்ததில்லை. மறுநாள் காலை அவள் மறுபடியும் நடப்பாள், அல்லது மூன்றாவது சிவப்பு மை. கடைசி வரிசையைப் பார்த்தேன். அவள் ஒரு ஜாடையும் காட்டவில்லை. கால்களை மட்டும் செருப்பிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

தாளைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்து, அடியில் கடுகு எழுத்து. என் கண் வழக்கம்போலக் கடைசி வரிக்கு ஓடப் பார்த்தது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தாள் பூராவும் பனிமூட்டம் போல ஆயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

"எல்லாம் இறக்கைதாங்க" என்றேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் மத்தியானம் டயருக்கான பணத்தை மச்சினனிடம் கொடுக்கலாம் என்று, கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வாசலில் மூன்று கார்கள் வரிசையாக நின்றன, மூன்றுக்கும் இறக்கை இருந்தது. முதல் காரிலிருந்து வாரியத் தலைவர் இறங்கி மச்சினனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இவரு கார்ல போட்ட அதே இறக்கையை எனக்கும் போட்டுக் கொடுப்பா."

"ஐயா, உங்க வண்டியில பின்னாடி ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றான் மச்சினன்.

தலைவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "அது இல்லப்பா. பானெட்டுக்குள்ள போடுறது" என்றார்.

பின்னாலிருந்து நிறுத்தப் பிரிவு அதிகாரி, "எனக்கு முதல்ல டயர் மாத்திடு தம்பி, பிரேக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். ஓட்டப் பிரிவு அதிகாரி தனக்கு முதலில் பிரேக்தான் வேண்டும் என்றார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வாரியத்தின் சுவரொட்டி சுவரில் அப்படியேதான் இருந்தது. தலைவரின் காருக்கு வந்த நாலு புது டயரை மச்சினன் அதன் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான். கடைசி வரி தெரியவில்லை.